சந்திராக்காவுக்கு ஒரு கேமரா

கேமரா வாங்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு சிங்கப்பூர் வழியாக வருகிற மச்சானிடம் சொல்லி வேறொன்றை வாங்கிவிடுவார்கள். படம் ஆடுகிறது, முகம் கறுப்பாக விழுகிறது என்று அதையும் என்னிடமே தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் கையில் வாங்கிப் பார்ப்பேன். கேமரா என்றால் எனக்கு அப்படியொரு பைத்தியம். "வீட்டுல என்னைவிட லென்ஸுக்குத்தான் மரியாதை" என்பது என் கணவர் கல்யாணசுந்தரத்தின் நிரந்தரப் புலம்பல்.

சந்திரவதனா அக்கா கேட்டது மட்டும் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. 2009 பிப்ரவரி. சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இருவரும் பத்து வருடத்துக்கு மேலாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். தேநீர் இடைவேளையில் அக்கா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வைதேகி, இருட்டுக்குள்ள நடக்கிற வழி தெரியிற மாதிரி ஒரு கமரா இருக்கோ?"

"படம் எடுக்கவா அக்கா, வழி பாக்கவா?"

"வழி பாக்கத்தான். படம் வந்தால் வரட்டும்."

இதை வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அக்காவுக்கு மாலைக்கண் என்பது எனக்குத் தெரியும். நுண்ணோக்கியில் குனிந்தால் மற்றவர்கள் தவறவிடுவதையும் பிடித்துவிடுகிற கண்கள் அவருடையவை. பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கினால் அதே கண்களுக்குச் சுவரும் வாசலும் ஒன்றுதான். விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். விளக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

யாழ்ப்பாணத்தில் சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மா பொன்னாங்காணி, முருங்கையிலை, மீனெண்ணெய் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லையாம். எதுவும் பலிக்கவில்லை. சிட்னிக்கு வந்த பிறகுதான் கண் டாக்டர் ஒருவர் விவரமாகச் சொன்னார்: இது சத்துக் குறைவால் வந்ததல்ல, பரம்பரையாக வருவது, அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள் என்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து வந்திருக்கிறது. பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கும், மருந்து கிடையாது என்றும் சொல்லிவிட்டார். மகளுக்கு இல்லை என்பதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

சிட்னியில் இந்த விஷயம் அக்காவின் கணவர் ஈஸ்வரமூர்த்திக்கும் மகள் சிந்துஜாவுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாவது ஆள் நான். எனக்குத் தெரிந்ததும் தற்செயல்தான். ஒரு குளிர்கால மாலை, ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் விளக்குகள் பழுதாகிவிட்டன. அக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். "ஆர், வைதேகியோ? உம்மட கையைத் தாரும். கேள்வி ஒண்டும் கேக்காதையும்" என்றார். கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரிந்த சந்திரவதனா வேறு. எங்கள் விசேஷங்களில் அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டால் ஏழரைக்கு வருவதுதான் மரியாதை. அக்கா மட்டும் ஆறுக்கு முன்பே வந்து, மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறவர்களோடு நிற்பார். "வெள்ளைக்காரியாக மாறிவிட்டார்" என்று கேலி செய்வார்கள். வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே வந்து இடம் பிடிக்க வேண்டும் என்ற அவஸ்தை அவர்களுக்கு எப்படித் தெரியும்? மேடை நடனத்துக்கு விளக்கை அணைத்துவிட்டால் அக்கா எழுந்திருக்கவே மாட்டார். திரும்பும்போது யாராவது வாசலில் நின்று சிரித்தால் பதிலுக்குச் சிரிக்காமல் போவார். தலைக்கனம் பிடித்தவர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்தப் பெயரை அவர் மறுத்ததில்லை. மாலைக்கண் என்ற பெயரைவிட அது மேல் என்று நினைத்தார்.

அதற்குக் காரணம் அவருடைய அக்கா விமலா. எழுபதுகளின் கடைசியில் விமலாவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு வந்துவிட்டார்கள். விமலா தேநீர்த் தட்டத்தை எடுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளையின் தாயாருக்கு முன்னால் இருந்த மேசைக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில் வைத்தார். தட்டம் விழுந்தது, சம்பந்தமும் விழுந்தது. ஊரெல்லாம் செய்தி பரவி, அதன் பிறகு அந்தப் படியை யாரும் மிதிக்கவில்லை. விமலா டீச்சராக இருந்து, தனியாகவே வாழ்ந்துவிட்டார்.

1983-இல் சந்திராக்காவை வேறு ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தபோது அவர் அம்மா உஷாராகிவிட்டார். நல்ல நேரம் காலை பத்து மணிக்குத்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஈஸ்வரமூர்த்திக்குக் கல்யாணம் முடிந்த வாரமே தெரிந்துவிட்டது. "ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. மூண்டாம் நாள் கடைக்குப் போய் ஒரு டோர்ச் வாங்கிக்கொண்டு வந்து தந்தார்" என்று அக்கா சொல்வார். இரண்டு வருடம் கழித்து சிட்னிக்கு வந்தார்கள். கிரவீனில் வீடு வாங்கியதும் மனிதர் முதலில் செய்த வேலை, படிகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடித்தது.

இப்போது சிந்துஜாவின் முறை. பெண் பார்மசிஸ்ட். மெல்பர்னில் இருக்கும் மயூரன் என்ற பையனை அவளாகவே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் முடிவு செய்துவிட்டாலும், பெரியவர்கள் பேசித்தானே ஆக வேண்டும்? மயூரனின் அம்மா சத்தியபாமா சிட்னியில் தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் போன் போட்டு, குடும்பம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி, பரம்பரையில் வருத்தம், அதாவது வியாதி, ஏதும் உண்டா என்று துருவியிருக்கிறார். தப்பில்லை, நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அக்காவின் காதுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

"ஜஸ்ட் டெல் தெம், அம்மா. நோபடி கேர்ஸ்" என்றாள் சிந்துஜா.

"உனக்கு எங்கட சனத்தைத் தெரியாது பிள்ளை. எழுத்து முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார் அக்கா. கல்யாணப் பதிவைத்தான் அவர்கள் எழுத்து என்பார்கள்.

சத்தியபாமா ஒரு முறை சிட்னிக்கு வந்தபோது இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அக்கா தலைவலி என்று சொல்லித் தப்பித்தார். இப்போது ஈஸ்டர் விடுமுறைக்கு மூவரையும் மெல்பர்னுக்கு அழைத்திருக்கிறார். "பின்னேரம் எல்லாரும் சென்ட் கில்டா கடற்கரைக்குப் போவம். பொழுதுபட பெங்குவின் கரையேறும், பாக்க நல்ல வடிவு" என்று போனில் சொல்லியும்விட்டார். இரண்டாவது முறையும் தலைவலி வந்தால் அது வேறு வியாதியாக எடுத்துக்கொள்ளப்படும்.

"ஈஸ்வரமூர்த்தி அங்கிள் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகலாமே?" என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். "அம்பது தாண்டின பிறகு மனிசன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கடற்கரையில நடந்தால் அவை என்ன நினைப்பினம்? கண் தெரியாது எண்டு நினைக்கிறதை விட மோசமா நினைப்பினம்."

அதுவும் உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து இதுவரை கல்யாணசுந்தரமும் நானும் தெருவில் கை கோத்து நடந்ததில்லை. டார்ச்சும் அங்கே உதவாது. பெங்குவின் கண்ணுக்கு ஆகாதென்று வெள்ளை வெளிச்சத்தை விடமாட்டார்கள்.

கேமரா யோசனை அவருக்கு என் வீட்டில்தான் வந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், பின்புறத்தில் நான் கேமராவை வைத்து எதையோ பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டி அதன் திரையைப் பார்த்தார். "இதென்ன மரம்?" என்றார். எலுமிச்சை என்றேன். தலையை உயர்த்தி எதிரே பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "உம்மட வளவில எலுமிச்சை நிக்குதோ?" என்றார். அந்த வீட்டுக்கு அவர் எத்தனையோ மாலைகள் வந்திருக்கிறார். காய் பறித்துத் தருகிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

ஆக, வேண்டியது என்ன என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஈஸ்வரமூர்த்தி அங்கிளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்காதீர்கள், அது பெரிய படமாகப் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு. தூரத்தை இழுத்துக் காட்டும் ஜூம் வேண்டாம். ஜூம் நீள நீள உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கேமராவுக்குள் படம் விழுகிற சென்சார் பெரிதாக இருக்க வேண்டும், லென்ஸின் வாய் அகலமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கண்ணை வைத்துப் பார்க்கும் துளை நமக்கு உதவாது. பின்னால் இருக்கும் திரையிலேயே காட்சி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அந்தத் திரை மடங்கித் திரும்பவும் வேண்டும். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே சிங்கப்பூர் வழியாக வந்த மச்சானிடமிருந்து ஒரு கேமரா வந்து இறங்கியது. பன்னிரண்டு மெகாபிக்சல், பத்து மடங்கு ஜூம்.

"இதுக்கு மேல ஒண்டும் இல்லையாம், கடைக்காரன் சொன்னவனாம்" என்றார் அங்கிள்.

பொழுது சாய்ந்ததும் மூன்று பேரும் அவர்கள் வீட்டுப் பின்புறத்துக்குப் போனோம். திரை கன்னங்கரேலென்று இருந்தது. எதற்கும் ஒரு படம் எடுப்போம் என்று அங்கிள் பொத்தானை அழுத்த, பளீரென்று பிளாஷ் அடித்து, வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அலறிவிட்டார். அந்தப் படத்தில் அவருடைய திறந்த வாய் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

அதன் பிறகுதான் பரமட்டாவில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனை செய்த பையன் ஜூமில் ஆரம்பித்தான். அக்கா அவனை ஓரிரு நிமிடம் பேசவிட்டார். பிறகு தன் கறுப்புக் கைப்பையைக் கவுண்டரில் வைத்துத் திறந்தார். ஒவ்வொரு கேமராவாக வாங்கி, லென்ஸைப் பைக்குள் விட்டு, மேலே தன் சால்வையைப் போட்டு மூடி, திரையைப் பார்த்தார். உள்ளே சாவி தெரிகிறதா, பனடோல் மாத்திரைப் பெட்டி தெரிகிறதா, கோயில் விபூதிப் பொட்டலம் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. பையனுக்கு எங்களைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. காவலாளியைக் கூப்பிடலாமா என்று யோசித்திருப்பான்.

முதல் நாலைந்து கேமராக்களில் பை வெறும் இருட்டாகவே இருந்தது. ஒன்றில் ஏதோ அசைந்தது, ஆனால் கையை நகர்த்தி வெகு நேரம் கழித்தே திரை நகர்ந்தது. "இதை நம்பி நடந்தால் காலை வைச்ச பிறகுதான் குழியைக் காட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஒரு நடுத்தரமான கேமரா. மடங்கும் திரை. அதில் நான் ஜூம் இல்லாத, அகன்ற வாய் லென்ஸ் ஒன்றைப் பூட்டச் சொல்லி, ஒளியுணர்வை உச்சத்துக்கு ஏற்றிக் கொடுத்தேன். படம் மணலைத் தூவியது போலப் பொரிப்பொரியாகத்தான் இருந்தது. அந்த மணலுக்கு நடுவில் சாவி தெரிந்தது. பனடோல் தெரிந்தது.

"இஞ்ச பாரும், என்ர மோதிரம்!" என்று கத்தினார் அக்கா. எப்போதோ தொலைந்த மோதிரம் பையின் துணிக்கிழிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கேமராவையே வாங்கினோம்.

வாங்கினால் போதுமா? பழக வேண்டாமா? அந்த மார்ச் மாதம் முழுக்க, பொழுது மங்குகிற நேரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஓடைப் பாதையில் பயிற்சி நடந்தது. கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, சற்றே கீழே சாய்த்து, மடக்கிய திரையைக் குனிந்து பார்த்தபடி நடக்க வேண்டும். முதல் நாள் அவசரப்பட்டுக் குப்பைத் தொட்டியில் மோதினார். அங்கிள் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் நடந்து பார்த்தார். மனிதருக்கு நடை வேகம், திரையிலிருந்து ஓடிவிட்டார். நில், பார், அடி எடு என்று நான் ஒரு தாளம் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் தாளம் தேவைப்படவில்லை. வேறொரு லாபமும் இருந்தது. பக்கப் பார்வை ஒடுங்கிவிட்ட அவருக்கு, பாதையின் இரண்டு ஓரங்களும் அந்தச் சின்னத் திரைக்குள் சேர்ந்து வந்துவிட்டன. எதிரே வந்தவர்களை ஆள் அடையாளம் கண்டு சிரிக்கக்கூடச் செய்தார். மறுநாள் ஒரு பெண் என்னிடம் வந்து, "சந்திரவதனா அன்ரிக்கு என்ன நடந்தது, நல்லாக் கதைக்கிறா?" என்று கேட்டாள்.

இனி மெல்பர்ன். நான் அங்கே இல்லை. அக்கா திரும்பி வந்து, அடுத்த தேநீர் இடைவேளையில் ஒன்றுவிடாமல் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

சென்ட் கில்டா துறைமேடை கடலுக்குள் நீளமாகப் போகிறது. அதன் முடிவில் பெரிய பெரிய கற்களைப் போட்டு அலைதடுப்பு கட்டியிருக்கிறார்கள். பகலெல்லாம் கடலில் மீன் பிடித்த குட்டிப் பெங்குவின்கள் பொழுதுபட்டதும் அந்தக் கற்களுக்குள் இருக்கும் தங்கள் பொந்துகளுக்குத் திரும்பும். இரண்டு குடும்பமும் ஆறு மணிக்குக் கிளம்பி நடந்தது. முன்னால் ஈஸ்வரமூர்த்தியும் மயூரனின் அப்பாவும். நடுவில் சிந்துஜாவும் மயூரனும். கடைசியில் சத்தியபாமாவும் அக்காவும்.

கேமராவைக் கண்டதும் சத்தியபாமா அசந்துவிட்டார். "நீங்கள் இப்பிடிப் படம் எடுப்பியள் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!"

"இப்பதான் பழகிறன்" என்றார் அக்கா. பொய் சொல்லவில்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அக்காவின் கண்ணுக்குத் தூரத்து நகர விளக்குகள் மட்டும் மிஞ்சின. குனிந்தால், திரையில் மேடைப் பலகைகள் ஒன்றொன்றாகத் தெரிந்தன. மீன் பிடிக்கிற ஒருவர் வைத்திருந்த வாளி தெரிந்தது, சுற்றிப் போனார். பலகை முடிந்து கல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு படி. அதையும் பார்த்து இறங்கினார். சத்தியபாமா கல்யாண மண்டபத்தைப் பற்றியும், எழுத்தை எப்போது வைக்கலாம் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அவருக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. ஒரு தரம் அவரே கால் தடுக்கிச் சாய்ந்தபோது, அக்காதான் "கவனம்" என்று கையைப் பிடித்தாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

தடுப்புக்குப் பக்கத்தில் கூட்டம் நின்றது. சிவப்பு டார்ச் வைத்திருந்த தன்னார்வலர் ஒருவர் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். "அந்தா, அந்தா" என்று மயூரன் கிசுகிசுத்தான். அக்கா கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார். முதலில் பொரிப்பொரியாகக் கல் மட்டும் தெரிந்தது. பிறகு கல்லுக்கு நடுவிலிருந்து ஒன்று எழுந்து நின்று உடம்பை உதறியது. குட்டைக் கால், ஈர முதுகு, வெள்ளை வயிறு. இரண்டடி நடந்தது, நின்றது, யாரையோ மறந்துவிட்டு வந்தது போலத் திரும்பிக் கடலைப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று ஏறியது. அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் முதல் முறையாக முழு இருட்டில் ஓர் உயிரைப் பார்க்கிறார். "எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை வைதேகி, அப்பிடி ஒரு சந்தோசம்" என்றார் என்னிடம்.

அந்தச் சந்தோஷத்தில்தான், மகள் இதைப் பார்த்து என்ன செய்கிறாள் என்று பார்க்க நினைத்து, கேமராவை மெதுவாகச் சிந்துஜாவின் பக்கம் திருப்பினார். இருட்டியபின் வெட்டவெளியில் தன் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

மயூரன் கழுத்தை நீட்டிப் பெங்குவினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் சிந்துஜா. அவள் பெங்குவினைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, அம்மாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பிலிருந்து கொஞ்சம் விலகி, எந்த நேரமும் நீளத் தயாராக இருந்தது.

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. வேண்டுமென்றே இடது காலைக் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு நொடி கழித்துத் திரையில் மகளின் கை முன்னால் வந்தது. காலை மறுபடி ஊன்றினார். கை திரும்பிப் போனது. முகம் நிமிரவே இல்லை.

"எத்தினை பின்னேரம் வைதேகி?" என்று கேட்டார் அக்கா. "புது வருசத்து வாணவேடிக்கைக்கு எத்தினை தரம் கூட்டிக்கொண்டு போயிருப்பம். பள்ளிக்கூடக் கச்சேரி, கோயில் திருவிழா. பிள்ளை பாத்து ரசிக்குது எண்டு நான் நினைச்சுக்கொண்டு நிண்டனான். அது ஒரு நாளும் மேல பாக்கேல்லை. என்ர காலைத்தான் பாத்திருக்குது."

ஜெயித்தாகிவிட்டது. அந்த மாலையைக் கடப்பதற்காகத்தான் அத்தனை பாடும். இன்னும் அரை மணி நேரம், அதே மேடையில் திரும்பி நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அக்கா கேமராவின் திரையை மடித்து மூடினார். சுற்றிலும் எல்லாம் கறுத்துப்போனது.

"சத்தியபாமா, இதில நிக்கிறீங்களோ?"

"ஓம், பக்கத்திலதான் நிக்கிறன்."

"எனக்கு மாலைக்கண். இப்ப உங்கட முகம் எனக்குத் தெரியாது. இந்தக் கமராவைப் பாத்துத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தனான். பரம்பரையில வந்த வருத்தம். என்ர அக்காவுக்கும் இருக்கு. சிந்துவுக்கு இல்லை, ஆனால் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேணும். நீங்கள் எங்களைப் பற்றிக் கேட்ட ஆக்கள் ஒருத்தருக்கும் இது தெரியாது. அவையில பிழை இல்லை."

சத்தியபாமா கட்டிப்பிடிக்கவில்லை. "வீட்டை போய்க் கதைப்பம்" என்று மட்டும் சொன்னார். அவர் குரலிலிருந்து கோபமா இரக்கமா என்று அக்காவால் பிரிக்க முடியவில்லை. முகத்தைப் பார்க்கவும் வழியில்லை.

கல்யாணம் நடந்ததா என்று அவசரப்படுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நடந்தது. அதற்கு முன் சத்தியபாமா பல வாரம் போன் எடுக்கவில்லை. ஈஸ்வரமூர்த்தி அங்கிள் இளைத்துப்போனார். மயூரனும் சிந்துஜாவும் சேர்ந்து போய் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்தார்கள். கடைசியில் சத்தியபாமாவே கூப்பிட்டு, நவம்பரில் மெல்பர்னில் பகல் முகூர்த்தம் என்றார். நானும் போய்ப் படம் எடுத்தேன். ஆனால் துறைமேடையில் நின்ற அன்று இதில் எதுவும் அக்காவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தன் வாயாலேயே கெடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் அவர் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது.

இருட்டில் குத்துமதிப்பாகக் கையை நீட்டி, "ஒருக்கால் பிடியுங்கோ" என்றார் சத்தியபாமாவிடம். ஒரு கை வந்து பிடித்தது. பிடி உறுதியாக இருந்தது. பிறகு, தான் பேசியதெல்லாம் மகளின் காதில் விழுந்திருக்கும் என்று தெரிந்து, அவள் நின்ற பக்கமாகத் திரும்பினார்.

"சிந்து, நான் மாமியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். விழமாட்டன். நீ என்ர காலைப் பாராதை பிள்ளை. அங்கை பார்."